அப்பா படித்துச் சொன்ன படங்கள்

மலேசியாவில், கிள்ளானில் நாங்கள் படம் பார்த்த தியேட்டர் இப்போது சோபா விற்கும் கடை. அந்தப் பக்கம் போனாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரே உட்கார்ந்து அழுத இடத்தில் தள்ளுபடி என்று பலகை மாட்டியிருக்கிறார்கள்.

தமிழ்ப் படம் வராத வாரத்தில் சீனப் படம் போடுவார்கள். அப்பா அதற்கும் எங்களைக் கூட்டிப் போவார். திரையின் அடியில் மலாய் எழுத்து ஓடும். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த அம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அப்பா படித்துப் படித்துத் தமிழில் சொல்வார். முன்வரிசையில் இருக்கும் நம் ஆட்கள்கூடத் திரும்பி, "அண்ணே, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க லா" என்பார்கள்.

ஒரு படத்தின் முடிவில் கதாநாயகி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடினாள். உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொல்வது மலாயில் ஓடியது. அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அசதியில தூங்குறா" என்றார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக எழுந்தாள். பள்ளியில் மலாய் படித்த நான் வாயைத் திறக்கவில்லை.

அப்பா போன வருடம் இறந்துவிட்டார். போன வாரம் அதே படம் டிவியில் வந்தது. கடைசிக் காட்சியில் அம்மா என்னிடம், "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"அசதியில தூங்குறாம்மா."

அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்கப்பாவும் அன்னிக்கு இதையேதான் சொன்னாரு. அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, டாக்டர் என்ன சொல்றாருன்னு நான் கேட்டதுக்கு நீயும் இதையேதான் சொன்னே."