புளோறன்ஸ் அக்காவின் ஈரப்பலாக்காய்

கொச்சிக்கடைத் திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் முதலில் அந்தோனியாரிடம் போவார்கள், அடுத்ததாகப் புளோறன்ஸ் அக்காவிடம். அந்தோனியாருக்குப் பொறுமை அதிகம். அக்காவிடம் ஒலிவாங்கி இருந்தது. "நீலக் களிசான், சிவப்புச் சட்டை, மூக்கு வடியுது, பேர் கேட்டா சொல்லுறானில்ல, தாய் தகப்பன் உடனே மேடைக்கு வாங்க!" என்று அவர் அறிவித்த கையோடு யாராவது விழுந்தடித்து ஓடி வருவார்கள். மூக்கு வடிவதை ஊருக்கே சொல்லிவிட்டாரே என்று பிள்ளை இன்னும் பலமாக அழும். அக்கா அதைக் கண்டுகொள்ளமாட்டார்.

எங்கள் ஒழுங்கையில் எனக்கு அடுத்த வீடு அவருடையது. கணவர் இராஜநாயகம் அண்ணன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய மீசை. பத்துக் கேள்விக்கு ஒரு செருமல்தான் பதில். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அக்கா பேசிவிடுவதால் அவருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை போலும்.

அந்த வீட்டில் ஒரு இரகசியம் இருந்தது. சமைப்பது அண்ணன். அக்கா வைத்த சோற்றை நான் ஒரேயொரு தடவை கண்டிருக்கிறேன், அதில் கரண்டி நிமிர்ந்து நின்றது. தினமும் காலையில் குசினிச் சன்னல் சாத்தப்படும். யாராவது கதவைத் தட்டினால் அண்ணன் பாய்ந்து வந்து பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவார். அக்கா தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு, ஈரமே படாத கையைத் துடைத்தபடி குசினிக்குள்ளிருந்து வருவார். ஒழுங்கை முழுவதும் இதைத் தெரிந்து வைத்திருந்தது. எங்களுக்குத் தெரியும் என்பது அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரியாது.

இப்படியிருக்கும்போதுதான் போன வருடம் கொட்டாஞ்சேனை மைதானத்தில் விவசாய உணவுக் கண்காட்சி வந்தது. திருவிழா முடிந்த கையோடு ஏற்பாட்டுக் குழுச் செயலாளர் தில்லைநாதன் அக்காவைத் தேடி வந்தார். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, வத்தளையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் தமிழில் விளம்பரம் செய்ய வேண்டும். வாசிக்க ஒரு தாளும் கொடுத்தார். "உள்ளூர் விவசாய உற்பத்திகளின் பெறுமதியை மேம்படுத்தும் முகமாக நடாத்தப்படும் இக்கண்காட்சிக்குச் சகல பொதுமக்களும் சமூகமளிக்குமாறு" என்று தொடங்கி மூச்சு விட இடமில்லாமல் ஓடியது அது.

முதல் நாள் வத்தளையில் அக்கா அதை அப்படியே வாசித்தார். ஒரு சனம் திரும்பிப் பார்க்கவில்லை. "அக்கா, நாய்கூட குரைக்கல்லியே" என்றான் ஓட்டோக்காரன் கிருஷ்ணராஜ். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தாளை மடித்துத் தொடைக்கடியில் வைத்துவிட்டுத் தன் பாட்டில் பேசத் தொடங்கினார்.

"தங்கச்சிமாரே, அண்ணன்மாரே! அன்னாசி வந்திருக்கு, வெட்ட முந்தியே வாசம் வரும். ரம்புட்டான், மங்குஸ்தான், இந்த மண்ணில விளைஞ்ச வல்லாரை, கங்குன் கீரை. ஈரப்பலாக்காய் வந்திருக்கு! பெரிய துண்டா வெட்டி, கறுவாவும் ரம்பை இலையும் போட்டு, முதல் பாலைக் கடைசியில விட்டு இறக்கினா, குழம்பெல்லாம் துண்டுக்குள்ள ஊறி நிக்கும். வாயில வைச்சா பல்லுக்கு வேலையே இல்ல!"

சன்னல்கள் திறந்தன. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எச்சில் விழுங்கினார்கள். சமைப்பவருக்கு உப்புக் கவலையும் புளிக் கவலையும் இருக்கும், ருசி சொல்ல நேரம் இருக்காது. ஒரு நாளும் அடுப்புப் பக்கம் போகாமல் தின்றுகொண்டே இருந்த அக்காவுக்கு அது தாராளமாக இருந்தது. யாரோ படம்பிடித்து வட்ஸ்அப்பில் விட, கிருலப்பனையிலிருந்தும் கண்காட்சி எப்போது என்று கேட்டு அழைப்பு வந்ததாம்.

புகழ் தலைக்கு ஏறினால் வாய் சும்மா இருக்குமா? வெள்ளவத்தைச் சந்தையடியில், சனம் கூடி நின்று கைதட்டிய சந்தோஷப் புளுகத்தில், "ஞாயிற்றுக்கிழமை மேடையில நானே சமைச்சுக் காட்டுறன், வாங்க!" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தனக்கே கேட்டது. மறுநாள் தில்லைநாதன் அக்காவின் படத்தோடு பெரிய பதாகையே கட்டிவிட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் அந்த வீட்டில் சண்டை. நான் ஒட்டுக்கேட்கவில்லை, எங்கள் சுவர் மெல்லியது.

"நீங்க வந்து சமைங்க. நான் பக்கத்தில நிண்டு கதைக்கிறன்" என்றார் அக்கா.

"நான் வரமாட்டன்." அண்ணன் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. "நான் கரண்டியைத் தூக்கினா சனம் உன்னைத்தான் சிரிக்கும். ஒரு கறி வைக்கத் தெரியாதவள் எண்டு. இவ்வளவு காலமும் சன்னலைச் சாத்தினது எதுக்கு?"

"என்னைச் சிரிச்சா எனக்கென்ன? உங்கட ஹாபர் கூட்டாளிமார் உங்களக் குசினிக்காரன் எண்டு பகிடி பண்ணுவாங்க எண்டுதானே நான் வாயே திறக்கல்ல!"

அதுவரை வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்த நான் கையை எடுத்துவிட்டேன். ஒருவர் மானத்தை மற்றவர் காப்பாற்ற, இரண்டு பேரும் இத்தனை வருடம் புகைக்குள் கிடந்திருக்கிறார்கள்.

ஆனாலும் அண்ணன் மசியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா தனியாகத்தான் மேடை ஏறினார். அடுப்பு, சட்டி, தேங்காய்ப்பால், முழுசாக ஒரு ஈரப்பலாக்காய் எல்லாம் தயாராக இருந்தன. மைதானம் நிறையச் சனம். அக்கா கத்தியை எடுத்தார். காயைப் பார்த்தார். எந்தப் பக்கத்தால் வெட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை என்பது என் இடத்திலிருந்தே தெரிந்தது. வியர்த்துக் கொட்டியது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் பதாகையில் உள்ள முகமும் சேர்ந்து வியர்க்கும் போலிருந்தது.

அக்கா கத்தியை வைத்துவிட்டு ஒலிவாங்கியை எடுத்தார்.

"ஒரு அறிவித்தல். ஒருத்தர் தொலைஞ்சு போயிட்டார். வெள்ளைச் சாரம், நரைச்ச மீசை, பேர் கேட்டா செருமுவார். கலியாணம் கட்டின நாளிலயிருந்து நான் அவர் கையாலதான் சாப்பிடுறன். நான் ஊரெல்லாம் சொன்ன ருசி அவர்ட ருசி. எனக்குச் சுடுதண்ணிகூட ஒழுங்கா வைக்கத் தெரியாது. சிரிக்கிறவங்க என்னைப் பார்த்துச் சிரிங்க. அவரைக் கண்டவங்க தயவுசெய்து மேடைக்குக் கூட்டிட்டு வாங்க."

தென்னங்கன்றுக் கடைக்குப் பின்னால் ஒரு செருமல் கேட்டது. வரமாட்டேன் என்றவர் வந்துதான் இருக்கிறார். கிருஷ்ணராஜ் போய், தொலைந்த பிள்ளையைக் கூட்டி வருவதுபோல அவரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். துறைமுகக் கூட்டாளிகள் நாலைந்து பேர் முன்வரிசையில் இருந்தார்கள். யாரும் பகிடி பண்ணவில்லை. அவர்களுக்குப் பசி.

அப்போது எங்கள் ஒழுங்கை ஸமீமா எழும்பி நின்று கத்தினாள்: "அண்ணன், வெள்ளிக்கிழம வைக்கிறீங்களே, அந்த மாதிரியே வைங்க! பால் கொறைக்க வாணாம்!"

அக்கா திகைத்துப்போய், ஒலிவாங்கியை அணைக்காமலே கேட்டார். "உங்களுக்குத் தெரியுமா?"

"ஜன்னல மூடினா வாசம் நிக்குமா அக்கா?"

மைதானமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். பிறகு காயை எடுத்துத் தலைகீழாக நிறுத்தி ஒரே வெட்டு. சட்டி வழிக்கப்பட்ட வேகத்தில் எனக்கு ஒரு துண்டுதான் கிடைத்தது.

மறுநாள் காலையில் குசினிச் சன்னல் விரியத் திறந்திருந்தது. அன்று தொடக்கம் அது சாத்தப்படவே இல்லை. சமைக்கும்போது இராஜநாயகம் அண்ணன் தொண்டை கிழியப் பாடுவார் என்பது மட்டும் அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.