நாலடி உயர வீடு

மில்லில் பஞ்சுப் பொதி சரிந்து விழுந்து என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்குப் பிறகும் சாயங்காலமானால் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போய்விடுவார். இராஜபாளையத்தில் எங்கள் பழைய ஓட்டு வீடு தெரு மட்டத்தில் இருந்தது. வாசலில் படி கிடையாது.

அரசுத் திட்டத்தில் அதே இடத்தில் புது வீடு கட்ட அனுமதி கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்திலிருந்து ஓர் இன்ஜினியர் பெண் வந்தாள்.

"பேஸ்மட்டம் ஒன்றரை அடி போதும்மா. வாசல்ல சாய்தளம் போட்ருவோம், ஐயா தானா இறங்கி ஏறிக்கிடலாம். மாடியில வெள்ளை ஓடு பதிச்சா வெக்கையும் இருக்காது."

அவள் போனதும் என் கொழுந்தன் சிரித்தார்.

"ரோட்டுக்கு மேல ரோடு போடுத ஊரு மதினி இது. எதிர்வீட்டுக்காரன் நாலடி ஏத்திட்டான். நாம தாழக் கெடந்தா மழைத்தண்ணி அம்புட்டும் நம்ம அடுப்படிக்குத்தான் வரும்."

"அவிய எப்படி இறங்குவாக?" என்றேன் மெதுவாக.

பதில் என் கணவரிடமிருந்தே வந்தது. "நான் ஒருத்தன் இறங்குததுக்காக வீட்டைக் குழிக்குள்ள கட்டணுமாட்டி? " தம்பி பக்கம் திரும்பினார். "நீ நாலடி ஏத்துலே."

அவ்வளவு உயரத்துக்குச் சாய்தளம் போட்டால் அது நடுத்தெருவில் போய் நிற்கும் என்றார் கொத்தனார். படிகள்தான் வைத்தார்கள். வெள்ளை ஓடு மட்டும் பதித்தோம். அந்தப் பெண் சொன்னதில் நாங்கள் கேட்டது அது ஒன்றுதான்.

பூச்சு வேலை முடியுமுன்னே நாங்கள் குடிவந்திருந்தபோது தெருவுக்குத் தார் போட வந்தார்கள். இயந்திரம் பழைய தாரைச் சுரண்டி அள்ளியது. பழைய மட்டத்துக்கே புது ரோடு. ஜன்னல் வழியாகப் பார்த்த என் கணவர், "சுரண்டிட்டுல்லா போடுதான்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெதற்கும் தன்னைத் தூக்க அவர் விடுவதில்லை. "டீ குடிக்கப் போறதுக்குப் பல்லக்கா?" என்பார். தூக்குவாளியில் வாங்கி வருவேன். பாதியை அப்படியே வைத்துவிடுவார்.

முடிந்த வீட்டின் முன்னால் அவரை வைத்துத் திட்டக் கணக்குக்குப் போட்டோ எடுக்க அதே இன்ஜினியர் பெண் வந்தாள். கொழுந்தனும் பக்கத்து வீட்டுக்காரரும் நாற்காலியோடு இறக்கினார்கள். அவள் படிகளைப் பார்த்தாள். படம் எடுத்ததும் போய்விட்டாள்.

"வாங்கண்ணே, ஏத்தி விட்டுட்டு ஷிஃப்டுக்குப் போறோம்" என்றார் கொழுந்தன்.

"நீங்க போங்கலே. ஷிஃப்டு முடிஞ்சு வந்து தூக்குங்க."

டீக்கடைக்கு உருட்டிக்கொண்டு போனவர் இருட்டும்போது திரும்பினார். அவர்கள் வர இன்னும் நேரமிருந்தது. உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தேன்.

அண்ணாந்து வீட்டைப் பார்த்தார். "நல்லாத்தாம்ட்டி கட்டியிருக்கோம்" என்றார்.