கல்லறைத் திருநாளில் டைவிங்

பூன் லே வட்டாரத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கும் நார்பர்ட்டுக்கு டைவிங் என்றால் உயிர். கடற்கரை ரிசார்ட், பக்கத்திலேயே மூழ்கிய கப்பல் என்று ஒரு தீவைத் தேடிப்பிடித்து, டிக்கெட்டும் போட்டுவிட்டுத்தான் மனைவி பிலோமினாவிடம் தேதியைச் சொன்னார்.

“கல்லறைத் திருநாள் அன்னிக்கா?” தேக்கா சந்தையில் வாங்கிவந்த மெழுகுவத்திக் கட்டு மேசையில் வந்து விழுந்தது. “உங்க அப்பா கல்லறையில யாரு ஏத்துறது? முங்குறதுக்கு வேற நாளே கிடைக்கலையா?”

“டேட் மாத்த முடியாது லா.”

அதோடு வீட்டில் பேச்சு நின்றது. பெட்டி கட்டும்போதுதான் பிலோமினா வாயைத் திறந்தார்.

“அந்தக் கப்பல்ல ஆளுங்க செத்தாங்களா?”

“நிறைய பேரு. உடம்பைக்கூட எடுக்கல.”

பிலோமினா அவருடைய டைவிங் டார்ச்சை எடுத்துப் புது பேட்டரி போட்டார்.

“அப்பாவுக்கு முதல் நாளே போய் ஏத்திடலாம். கப்பல்ல கிடக்கிறவங்களுக்கு நீங்க இதைக் கொஞ்ச நேரம் பிடிங்க.”