மலர் ஓரத்தில் எழுதிய கேள்வி

கள்ளக்குறிச்சி பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் பென்சில் சீவினாள். அந்த மர வாசனை வந்ததுமே மலர் மீது பழைய எரிச்சல் மூண்டது.

மலர் என் சித்தி மகள். ஒரே வீட்டில் வளர்ந்தோம். அண்ணன் எங்களுக்குப் பாம்புகளைப் பற்றிய புத்தகம் ஆளுக்கொன்று வாங்கித் தந்தான். நான் ஸ்கேல் வைத்து எல்லா வரிக்கும் சிவப்புக் கோடு போட்டேன்.

"இன்னாடி, புக்குக்கு வேலி கட்டிக்கினு இருக்கியா?" என்று மலர் சிரித்தாள்.

அவள் பென்சிலைச் சீவி ஒரே இடத்தில்தான் எழுதியிருந்தாள். பாம்பு பால் குடிக்காது என்ற வரியின் ஓரத்தில், 'அப்போ புத்துல ஊத்துற பாலு எங்க போவுது?'

"அதான! வா மலரு, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்று அண்ணன் அவளை மட்டும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புற்றுக்குப் போனான்.

அன்றே என் புத்தகத்தில் பக்கமெல்லாம் 'ஏன்?' என்று எழுதி அவனிடம் நீட்டினேன்.

"இன்னா ஏன்?" என்றான். புத்தகத்தைப் பிடுங்கி மூடினேன்.

இப்போது என் மடியில் தேனீக்களைப் பற்றிய புத்தகம். புகையைக் கண்டால் தேனீ பயந்து போய்விடும் என்றது ஒரு வரி. பக்கத்துப் பெண்ணிடம் பென்சிலைக் கேட்டு வாங்கி, 'அப்போ புகை போட்டு தேன் எடுக்கறவங்கள ஏன் கொட்டுது?' என்று ஓரத்தில் எழுதினேன். படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

"சூப்பர்! மலருக்கும் அனுப்பட்டா?"

"வேணாம்ணா. கல்வராயன் மலையில தேன் எடுக்கறவங்ககிட்டயே போய்க் கேக்கலாம். நாம ரெண்டு பேரு மட்டும்."