வாசலோடு திரும்பிய விசிட்டர்

கம்பைலர் வேலையில் முதல் எதிரி, அதை முன்னால் எழுதிவிட்டுப் போனவன்தான். ஓய், உம்மைத்தான் சொல்லுகிறேன்! மீன்வலைக் கம்பெனி முதலாளிக்கு ஃபோன் போட்டு, "அந்தப் பெண்ணு தொட்டுக் கெடுத்திருப்பா" என்று சொன்னது நீர்தானே? அடுத்தவன் எழுதினதுக்கு ஏச்சு வாங்கிய சகோதரங்களே, நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

ஒற்றை முடிச்சு

புதுக்கடைப் பக்கம் அந்தக் கம்பெனி. வலையின் அமைப்பை எழுதிக் கொடுத்தால், பின்னும் மெஷினுக்கான கட்டளையாக எங்கள் கம்பைலர் மாற்றித் தரும். 2010 வாக்கில் முதல்முறையாகப் பெரிய வலை ஒன்று போட்டோம். விளிம்பில் இரட்டை முடிச்சு விழவேண்டிய இடமெல்லாம் ஒற்றை. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேலை கொச்சிக்காரர்களுக்கு என்றார் முதலாளி.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். கம்ப்யூட்டரைத் திட்டித் திட்டிப் படித்தேன், பேரத்தை மீன் சந்தையில் படித்தேன். "சரியாக்கினா இங்க உள்ள மூணு மெஷினுக்க கம்பைலர் வேலையும் எனக்கு. சம்மதமா?" என்றேன்.

"மோளே, மொதல்ல ஒரு முடிச்சு ஒழுங்கா போட்டுக் காட்டு!"

வீடு மந்திரிப்பு

மெஷின் ஓட்டும் லில்லியக்கா, "உள்ள என்னதான் நடக்கு?" என்று கேட்டாள். கம்பைலர் ஒவ்வொரு கட்டளையாகப் போய்ப் பார்த்துவரும் 'விசிட்டர்' முறையை எங்கள் கடற்கரைக் கணக்கில் சொன்னேன். ஒவ்வொரு கட்டளையும் ஒரு வீடு. வீடு வீடாக ஆசீர்வதித்து மந்திரிக்க வரும் கோயில் பங்குச்சாமி, அந்தப் பாதிரியார்தான் விசிட்டர். கதவைத் திறப்பது வீட்டின் வேலை, தீர்த்தம் தெளிப்பது அவர் வேலை. விளிம்பை இரட்டிக்க ஒரு விசிட்டர், கட்டளை எழுத வேறொருவர். புது வேலை வந்தால் புது ஆளை அனுப்பலாம், வீட்டை இடிக்கவேண்டாம்.

அக்கா நூலை அறுத்துக்கொண்டே கேட்டாள்: "பங்குச்சாமி அடுக்களை வரைக்கும் போவாருலா? ஒனக்க ஆளு போறாரா, பாத்தியா மக்கா?"

அடுக்களைக் கதவு

போகவில்லை! 'திரும்பச் செய்' என்ற கட்டளை வீட்டில், விசிட்டர் வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தார். அதற்குள் குடியிருந்த முடிச்சுகளை எவனும் எட்டிப் பார்க்கவில்லை. சின்ன வலைகளின் விளிம்பில் அந்தக் கட்டளையே கிடையாது, அதனால் இத்தனை நாள் தப்பித்தது. அந்த வீட்டின் தலைமேல் நீர் எழுதிய குறிப்பு: 'இதைத் தொடாதே.' தொட்டேன். உள்ளே இருப்பவர்களிடமும் விசிட்டரை அனுப்பு என்று ஒரே ஒரு வரி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மெஷின் ஓடியது. முதலாளி விளிம்பைக் காலால் மிதித்து, இரு கையாலும் இழுத்துப் பார்த்தார். இரட்டை முடிச்சு அசையவில்லை. நான் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடையே எழுந்து வந்தது.

"மூணு மெஷினும் நீயே எடுத்துக்கோ மோளே, ஆனா இப்பிடிக் கத்தாத, வலை பயந்து அவுந்துரும்!"

ஆக, ஒரு வரியில் நான் ஜெயித்தாயிற்று ஓய், இனி அதே ஃபோனை எடுத்து, "கெடுத்தது அவளில்லை, அடுக்களைக் கதவை வைக்க மறந்தவன் நான்தான்" என்று அதே முதலாளியிடம் உம் வாயால் சொல்லும்!