உப்புக் கிணறும் கொயினாவும்

யுத்தத்தில் ஜாவாத் தீவு ஜப்பான்காரர் கைக்குப் போனதும், மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா வரத்து நின்றது. கடைகளில் மாவும் சுண்ணாம்பும் மாத்திரையாக நடமாடின. தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனைக்கு வரும் மருந்துகளைச் சோதித்துச் சொல்வது அப்போது என் வேலை.

சாத்தான்குளத்து வியாபாரி ஒருவர் இருநூறு மாத்திரை என்று கொண்டுவந்தார். எண்ணினேன், நூற்றுத் தொண்ணூற்றெட்டு. வெளியே கீழவைப்பார் மீனவர் ஒருவர் காத்திருந்தார். அவர் மனைவிக்கு ஒன்பது நாளாகக் குளிர்காய்ச்சல். நான் சரியென்று சொன்னால் அவருக்குப் பன்னிரண்டு மாத்திரை கிடைக்கும்.

சோதனை எளிது. மாத்திரையைப் பொடித்து, நீர் கலந்த கந்தக அமிலத்தில் கரைத்து வெயிலில் பிடித்தால், உண்மையான கொயினா நீலமாக ஒளிரும். ஆனால் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்து நான்கு நாளாகியிருந்தது. கிணற்று நீரை மூன்று தடவை வடிகட்டி ஊற்றினேன். ஆறு மாத்திரை, ஆறு கண்ணாடிக் குழாய். ஒன்றிலும் நீலம் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, நல்லதென்று தெரிந்த மாத்திரை ஒன்றையும் அதே நீரில் கரைக்க வேண்டும். என் புட்டியில் ஒன்றே ஒன்று இருந்தது. ஒரு சுரண்டல் போதும். அதற்கும் மனம் வரவில்லை.

“போலி, அண்ணாச்சி” என்றேன்.

“முப்பது வருசமா யாவாரம் பண்ணுதேன். ஒரு குழாயப் பாத்துட்டு என்னைய கள்ளன்னுட்டியளே?”

“குழாய் பொய் சொல்லாது.”

“குழாய் சொல்லாது சார். ஊத்துன ஆளு சொல்லலாம்லா!”

மாத்திரைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மீனவர் வெறுங்கையோடு ஊருக்குப் போனார்.

மூன்றாம் நாள் வடித்த நீர் வந்தது. வியாபாரியின் வாயை அடைக்கவே மறுபடி சோதித்தேன். குழாய் நீலமாக ஒளிர்ந்தது. என் புட்டியில் இருந்த நல்ல மாத்திரையைச் சுரண்டிக் கிணற்று நீரில் போட்டேன், மங்கிக் கிடந்தது. உப்பு அந்த ஒளியை அவிக்கும் என்று படித்தவன் நான். உப்புக் கரிக்கும் அந்தக் கிணற்று நீரைத்தான் தினமும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தேன்.

மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, விடுதியில் தங்கியிருந்த வியாபாரியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “சண்டைய பெறவு வச்சுக்கிடுவோம். வண்டி நிக்கி, ஏறும் மொதல்ல” என்றார்.

கீழவைப்பாரில் அந்த வீட்டு வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் அடக்கம் முடிந்திருந்தது.

பிழை என்னுடையது என்று மீனவரிடம் சொன்னேன். அவர் என் கையில் இருந்த மாத்திரைகளைப் பார்த்தார்.

“அப்பம் அது நல்ல மருந்தா சார்?”

“ஆமா.”

“ஊர்ல இன்னும் ஒம்பது பேரு கெடக்காவ. வாங்க, வீட்டக் காட்டுதேன்.”

நான் போலி என்று சொன்ன செய்தி எனக்கு முன்பே அந்த ஊருக்குப் போயிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் “நல்லதுதானா?” என்று கேட்டார்கள். ஒன்பது முறை “நல்லது” என்று சொன்னேன். ஒன்பது முறையும் அந்த மீனவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.