செவந்தி மதினி காப்பாற்றிய சுரங்க வாய்க்கால்

குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே, எங்கள் கண்மாய்க்கரையின் அடியில் கருங்கல்லால் கட்டிய சுரங்க வாய்க்கால் ஒன்று உண்டு. எந்தக் காலத்தில் கட்டியதோ, கண்மாய்த் தண்ணீர் அதற்குள் அறுபதடி ஓடித்தான் வயலுக்கு வரும். அது இன்றும் இருப்பதற்கு என் அண்ணன் ஆண்டிச்சாமியின் மனைவி, செவந்தி மதினிதான் காரணம்.

1956 சித்திரை. கண்மாய் வறண்டு கிடந்தது. இரண்டு வருடமாகவே மடையில் தண்ணீர் சரியாக வரவில்லை. பார்க்க வந்த ஓவர்சியர், "உள்ள கல்லு சரிஞ்சிருக்கும். கரைய வெட்டிப் பழசை எடுத்துட்டு சிமெண்ட் குழாய் பதிச்சிருவோம்" என்றார்.

"மழைக்குள்ள கரைய மூடிருவீங்களா?" என்று மதினி கேட்டாள்.

"சொல்ல முடியாதும்மா."

கரை மூடாவிட்டால் அந்த வருடம் நடவே கிடையாது.

"உள்ள போயிப் பாத்தீங்களா?"

"ஒன்றரை அடி அகலம். யாரு நுழையிறது?"

"நான் போறேன்."

அண்ணன் பதறினார். "பாம்பு கீம்பு கெடக்கும், பேசாம இரு."

மதினி அதற்குள் சேலையை வரிந்து கட்டிவிட்டாள். ஒல்லியான உடம்பு. இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுநுனியை என்னிடம் கொடுத்தாள். "ரெண்டு தரம் சுண்டுனா இழுத்துரு, பிரகதா."

டார்ச் லைட்டோடு தவழ்ந்து போனாள். கயிறு என் விரல்களுக்கிடையே மெல்ல நகர்ந்தது. பிறகு நின்றது. நெடுநேரம் அசையவே இல்லை. அழுகை முட்ட, "மதினி!" என்று கத்தினேன்.

"இருக்கேன்டி!" கல்லுக்குள்ளிருந்து குரல் முழங்கி வந்தது.

உடம்பெல்லாம் சேறாக, கை நிறைய வேரோடு வெளியே வந்தாள். "ஒரு கல்லுகூட சரியலைங்க. ஒண்ணோட ஒண்ணு கோத்து வச்சிருக்காங்க, இடுக்குல நகம் நுழையலை. ஆலவேருதான் அடைச்சிருக்கு."

ஓவர்சியர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தானும் உள்ளே போனார். தோள் சிராய்த்துத் திரும்பியவர், மடைக்கல்லைக் கையால் தடவிப் பார்த்தார். "இதை இடிக்க வேண்டாம்னு எழுதிடுறேன்மா."

நான்கு நாள் மதினி உள்ளே படுத்தபடியே அரிவாளால் வேரை அறுத்தாள். நாங்கள் கூடை கூடையாகச் சேற்றை இழுத்தோம். ஐப்பசியில் கண்மாய் நிறைந்து மடை திறந்தபோது, தண்ணீர் இரைச்சலோடு பாய்ந்தது. மதினி குனிந்து முகம் கழுவிக்கொண்டாள். அவள் அழுததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

1963-இல் கல்வெட்டு படியெடுக்க வந்தவர்கள், மடைக்கல்லில் இருந்த எழுத்தைப் படித்து, கட்டியவன் பெயரைச் சொன்னார்கள்.

"அவன் பொண்டாட்டி பேரு இல்லையா?" என்று கேட்டாள் மதினி. எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

மதினி போய் வெகுகாலமாகிறது. அறுவடை முடிந்த சாயங்காலங்களில் அந்த வாய்க்கால் வெளியே வரும் இடத்தில் காலை நனைத்துக்கொண்டு, வெற்றிலை மென்றபடி அவளோடு பேசிக்கொண்டிருந்ததைத்தான் மனசு விடாமல் தேடுகிறது.